அருவிக்குப் போன அவல் உப்புமா

எங்கள் சந்தின் முனையில் பெரிய தண்ணீர்க் குழாய் உடைந்த அன்றுதான் எனக்கு அருவி ஆசை வந்தது. ஆள் உயரத்துக்கு மேலே பீய்ச்சி அடித்தது தண்ணீர். தாராவியில் அப்படி ஒரு காட்சி என்றால் சும்மாவா? குடம், வாளி, எண்ணெய் டின் என்று கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு சந்தே ஓடியது. நான் மட்டும் வெறுங்கையோடு போய் அதன் அடியில் நின்றேன். கண்ணை மூடினால் மலை தெரிந்தது, காடு தெரிந்தது. திறந்தால் அம்மா தெரிந்தாள், இரண்டு காலிக் குடங்களோடு.

"ஏல, ஊரே தண்ணி புடிக்குது, நீ என்ன குத்தாலத்துலயா நிக்க?"

அப்பா அம்மா இருவருக்கும் தென்காசிப் பக்கம். நான் பம்பாயில் பிறந்தவன். அதுவரை நான் பார்த்த நீர்வீழ்ச்சி எல்லாம் தகரக் கூரையிலிருந்து விழுந்தவைதான். காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிற ஒருவனுக்கு இது தாங்க முடியாத குறையாகப் பட்டது. எனக்கு ஆசை வந்தால் அது மறுநாளே நடந்தாக வேண்டும்.

மாட்டுங்காவில் எங்கள் காலேஜில், மழைக்காலத்தில் ஞாயிறுதோறும் மலைப்பக்கம் போகிற கூட்டம் ஒன்று இருந்தது. கடைசி வருஷம் படித்த ஒரு மராத்திப் பெண்தான் அதை நடத்தினாள். எல்லோரும் அவளைத் 'தாயி' என்றார்கள். நம் ஊர்த் தாயி இல்லை, மராத்தித் தாயி. அக்கா என்று அர்த்தம். அந்த வாரம் அவர்கள் பத்லாப்பூர் தாண்டி ஓர் அருவிக்குப் போகிறார்கள், அதன் அடியில் குளிக்க இயற்கையான மடு ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். ஆனால் தாயி சும்மா வருகிறவர்களைச் சேர்ப்பதில்லை. ஒருவனுக்கு வழி தெரியும், ஒருத்திக்குக் காயத்துக்குக் கட்டுப்போடத் தெரியும். உனக்கு என்ன தெரியும் என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியைத்தான் என்னிடமும் கேட்டாள். என்னுடைய மராத்தி, பரீட்சையில் பாஸாகிற அளவு மராத்தி. மற்றபடி ஹிந்தியில்தான் என் பிழைப்பு. அதைக் காட்டிக்கொள்ளாமல் தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன்.

"துலா போஹாய்லா யேத கா?" என்றாள்.

போஹா! அவல் உப்புமாவுக்கு இந்த ஊர்ப் பெயர். போஹா பண்ண வருமா என்று கேட்கிறாள். சாப்பாட்டுக்கு ஆள் தேடுகிறாள் போல. அவலை நான் தட்டில்தான் பார்த்திருக்கிறேன். ஸ்டவ் பற்றவைத்தால் திரியோடு என் புருவமும் கருகும்.

"ஹோ," என்று மராத்தியில் ஆமாம் போட்டேன். "நன்றாகவே வரும்."

"எங்கே கற்றுக்கொண்டாய்?"

"வீட்டில்தான். அம்மா சொல்லிக்கொடுத்தாள்."

"அம்மாவா!" அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்கள் ஊரில் எல்லோருக்கும் வருமா?"

"சின்னப் பிள்ளைக்குக்கூட வரும்."

"பத்துப் பேர் வருகிறோம். பார்த்துக்கொள்வாயா?"

"இருபது பேர் என்றாலும் கவலை இல்லை."

அவள் கண்ணில் ஒரு மரியாதை வந்தது. அடடா, இந்த மராத்திக்காரர்கள் சமையலுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார்கள் என்று உருகிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

"பத்துப் பேருக்கு அவலா?" என்றாள் அம்மா. "எவளோ கேட்டான்னு நீ தலைய ஆட்டிட்டு வந்துருவ. விடியக்காலம் எந்திச்சு நான் கிண்டணுமாக்கும்!"

கிண்டினாள். பெரிய தூக்குச்சட்டி நிறைய, கடுகும் கறிவேப்பிலையும் மணக்க.

தாதரில் லோக்கல் ரயில் ஏறியபோது, அந்தக் கூட்டத்தில் இருந்த என் வகுப்பு நண்பன் அதைப் பார்த்துவிட்டான். மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்ப் பையன், மராத்தியில் சண்டையே போடுவான்.

"என்னடா இது, சம்பந்தி வீட்டுக்கா போறே?"

"சாப்பாடு என் பொறுப்புடே. தாயி சொல்லிருக்காங்க."

"அவாவா டப்பா அவாவா கொண்டு வரணும்னுதானே தாயி சொன்னா?"

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். இவனுக்கு விஷயம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

உல்லாஸ்நகர் தாண்டியதும் ஜன்னல் பச்சையானது. பத்லாப்பூரில் இறங்கி வயல் வரப்புகளில் வெகுதூரம் நடந்தோம். எல்லோரும் கையை வீசிக்கொண்டு நடக்க, நான் தூக்குச்சட்டியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றிக்கொண்டே போனேன். முதலில் சத்தம்தான் வந்தது. பிறகு கருத்த பாறை, அதன் தலையிலிருந்து வெள்ளையாகக் கொட்டுகிற தண்ணீர், கீழே வட்டமாக ஒரு மடு. ஓரத்தில் பச்சை, நடுவில் பச்சை போய் ஒரே கறுப்பு.

தாயி ஒரு நீளக் கயிற்றை என் கையில் கொடுத்தாள். இந்தப் பக்கம் குரங்கு உண்டு என்று ரயிலில் பேசிக்கொண்டார்கள், எவ்வளவு முன்யோசனை! தூக்குச்சட்டியை அந்தக் கயிற்றால் ஒரு மரக்கிளையில் எட்டாத உயரத்தில் கட்டினேன். முடிச்சுக்கு மேல் முடிச்சு.

திரும்பினால், தாயி என்னைக் காட்டி ஏதோ சொல்ல, எல்லோரும் கைதட்டிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்கள். ஒரு நெட்டைப் பையன் மார்பளவு தண்ணீரில் பின்பக்கமாக நடந்தபடியே எனக்குக் கையசைத்தான். நானும் அசைத்தேன்.

"ஏண்டா இன்னும் சட்டையக் கழட்டல?" என்றான் நண்பன். "உன்ன நம்பித்தானே எல்லாரும் எறங்கறா?"

"இப்பவே சாப்பிடணும்னா சொல்லுதாங்க?"

"சாப்பாடா? யாராவது முங்கினா அந்தக் கயித்தோட நீதானே போய் இழுத்துண்டு வரணும்? பத்துப் பேர சமாளிப்பேன்னியாமே!"

"போஹா வரும்னுதானடே சொன்னேன்?"

அவன் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். பிறகு மரத்தைப் பார்த்தான்.

"மண்டு! போஹாய்லான்னா நீந்தறதுடா!"

எனக்கு நீந்தத் தெரியாது. தொட்டியில்கூட மூழ்கியதில்லை, எங்கள் சந்தில் மூழ்குகிற அளவு தண்ணீர் வந்ததே இல்லை. நெட்டையன் இன்னும் பின்னால் போய்க்கொண்டிருந்தான். அவன் குதிகாலுக்குப் பின்னால் அந்த ஆழக் கறுப்பு ஆரம்பித்தது. மானமா, அவனா என்றெல்லாம் யோசிக்க வாய் அவகாசம் கொடுக்கவில்லை.

"ருக்கோ! பாஹேர் யா! வெளிய வாங்கலே! எனக்கு நீந்த வராது!"

மூன்று பாஷையிலும் கத்தியது வீண்போகவில்லை. நெட்டையன் அப்படியே நின்றான். தாயி எல்லோரையும் முழங்காலளவுக்கு விரட்டிவிட்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்படியானால் உனக்கு என்னதான் வரும்?"

நான் மரத்தைக் காட்டினேன். மேலே தூக்குச்சட்டி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. நண்பன் மராத்தியில் விளக்கினான். அவளுக்குக் கோபம் வரும் என்று பார்த்தால், சிரிப்புத் தாங்காமல் பாறையில் உட்கார்ந்துவிட்டாள். என் முடிச்சுகளை அவிழ்க்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

மடுவில் யாரையும் அவள் மறுபடி ஆழத்துக்கு விடவில்லை. ஓரமாக விழுந்த ஒரு சின்ன அருவியின் கீழ் என்னைத் தள்ளிவிட்டார்கள். உடைந்த குழாய் தலையில் மொத்தும்; அருவி அப்படி இல்லை. தோளில் கைபோட்டு, உட்காருடா என்று அமுக்கும். உட்கார்ந்தேன். மூச்சு முட்டியது, மூக்கில் தண்ணீர் ஏறியது, எழுந்திருக்க மனம் வரவில்லை. முழங்காலளவுத் தண்ணீரில் அன்று என்னைவிடப் பெரிய நீச்சல்காரன் யாரும் இல்லை.

பிறகு அவரவர் டப்பாவை மூடிவைத்துவிட்டு அம்மாவின் உப்புமாவைத்தான் எல்லோரும் தின்றார்கள். நெட்டையன் மூன்று முறை வாங்கினான். பின்பக்கமாக நடந்த களைப்பு.

தாயி விரலை நக்கிக்கொண்டே, "இதையாவது நீதான் செய்தாயா?" என்று கேட்டாள்.

நண்பன் என்னையே பார்த்தான். உண்மையைச் சொல்ல நல்ல நேரம்தான். ஏற்கெனவே ஒன்று சொல்லியாகிவிட்டது, ஒரே நாளில் எத்தனை?

"ஹோ," என்றேன்.

"அடுத்த ஞாயிறு கர்ஜத் பக்கம் இன்னொரு அருவி. சாப்பாடு உன்னுடையது. இதற்கு நீந்தத் தெரிய வேண்டாம்."

வீட்டில் சொன்னேன். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"யாரு ஹோ போட்டாங்களோ, அவுகளே கிண்டட்டும்."

நாளை ஞாயிறு. அவலை மத்தியானமே ஊறப்போட்டுவிட்டேன். இப்போது மூடியைத் திறந்து பார்த்தால் களி மாதிரி இருக்கிறது. அம்மாவிடம் சொன்னால் சிரிப்பாள். விடியற்காலையில் அவள் எழுவதற்கு முன்னால் ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பார்க்கப் போகிறேன். புருவத்தில் முதலில் கொஞ்சம் தண்ணீர் தடவிக்கொள்ள வேண்டும்.