படம் பார்த்துவிட்டு நிறுத்திய மாத்திரை

செல்வராணியை அவள் புருஷனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டோவிலிருந்து இறக்கினார்கள். காலில் செருப்பில்லை. சேலையெல்லாம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் வெள்ளைப் புழுதி. குழியின் விளிம்பில் உட்கார்ந்து தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தவளை லாரிக்காரர்கள் பார்த்துப் பிடித்திருக்கிறார்கள். கொஞ்சம் நகர்ந்திருந்தால் உள்ளே விழுந்திருப்பாள்.

பெரம்பலூரில் ஒரு தனியார் மனநல மருத்துவமனையில் நான் அப்போது சீனியர் ஸ்டாஃப் நர்ஸ். செல்வராணி விக்கிரமங்கலத்தில் தையல் மிஷின் போட்டிருப்பவள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு காதில் குரல் கேட்கிறது என்று எங்களிடம் வந்தாள். மாத்திரையில் தேறி, சில வருஷங்களாக ஊர்ப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைத்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தாள்.

ஊசி போட்டு அவளைத் தூங்க வைத்துவிட்டுப் புருஷன் முருகேசனிடம் விசாரித்தேன். மாத்திரையை நிறுத்திக் கிட்டத்தட்ட ஒரு மாதம் என்றான். அந்தச் சமயம் தியேட்டரில் ஒரு த்ரில்லர் படம் ஓடிக்கொண்டிருந்தது. மனநல மாத்திரை சாப்பிடும் ஒரு பெண், அந்த மாத்திரையாலேயே புத்தி மாறிப் புருஷனைக் கொல்லப் போகிறாள். எழுதிக் கொடுத்த டாக்டருக்கு மருந்து கம்பெனியோடு கூட்டு. சேக்காளிகளோடு அதைப் பார்த்துவிட்டு வந்தவன், வீட்டிலிருந்த மாத்திரையெல்லாம் எடுத்து வாய்க்காலில் கொட்டிவிட்டான்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பொண்டாட்டியின் உயிர் அவனுக்கு அவ்வளவு கேவலமாகப் போய்விட்டதா என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

அவன் தலையைத் தூக்காமலே சொன்னான்: "கை நடுங்குது, எச்சி வடியுதுன்னு போன தடவ வந்தப்பவே டாக்டர்ட்ட கேட்டேன் சிஸ்டர். நீ டாக்டரா, நான் டாக்டரான்னாரு. படத்துல அந்தப் பொண்ணுக்கும் இதே மாதிரி நடுங்குச்சு. ஏன் நடுங்குதுன்னு படம் எடுத்தவங்கதான் சொன்னாங்க."

அவன் மேலிருந்த கோபத்தோடு அப்படியே டாக்டர் அறைக்குப் போய், அவன் கேட்டபோது ஏன் விளக்கிச் சொல்லவில்லை என்றேன். ஒவ்வொருத்தருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் வெளியே இருக்கும் கூட்டத்தை யார் பார்ப்பது என்று கேட்டார். அந்தக் கூட்டத்தில் இன்னும் எத்தனை பேர் மாத்திரையைக் கொட்டிவிட்டு வந்திருக்கிறார்களோ என்று நான் கேட்டேன். அவர் சீட்டை இழுத்தார். மாத்திரையை மாற்றி எழுதினார், நடுக்கத்துக்குத் தனியாக ஒன்று சேர்த்தார். முருகேசன் கேட்டபோதே செய்திருக்கக்கூடிய வேலை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இன்னும் ஓடிக்கொண்டிருந்த அந்தப் படத்துக்குப் போனேன். நடுக்கம், தூக்கக் கலக்கம், உடம்பு பெருப்பது எல்லாவற்றையும் சரியாகவே காட்டியிருந்தார்கள். அதையெல்லாம் நம்ப வைத்துவிட்டுக் கடைசியில் பொய் சொன்னார்கள். கதாநாயகி மாத்திரைகளை ஜன்னல் வழியே வீசுகிறாள். மறுநாள் காலை தெளிந்த முகத்தோடு எழுந்திருக்கிறாள். தியேட்டர் மொத்தமும் கைதட்டியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அவர்கள் கதைக்கு என்ன குறைந்திருக்கும்?

செல்வராணி தெளிய நாளாயிற்று. டிஸ்சார்ஜ் அன்றைக்கு நான் விடாமல் நின்றதால், முருகேசனை டாக்டர் உட்கார வைத்து ஒவ்வொரு மாத்திரையாக விளக்கினார். பக்கத்தில் நின்றிருந்த செல்வராணி குறுக்கே பேசினாள்.

"எழுதிக் குடுக்குறப்பவும் என்ட்ட யாரும் ஒரு வார்த்த கேக்கல. தூக்கிக் கொட்டுறப்பவும் கேக்கல. முழுங்குறது நான்தானே சார்?"

டாக்டர் அவளுக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னார். முதலிலிருந்து, அவளைப் பார்த்துச் சொன்னார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மாத்திரை என்ன செய்யும், என்ன தொந்தரவு கொடுக்கும் என்பதைச் சாப்பிடுகிறவரிடமே முதலில் சொல்லுங்கள். தொந்தரவு என்று வந்தால் விரட்டாதீர்கள். டாக்டர் எரிந்து விழுந்தால், எவ்வளவு பெரியவரானாலும் உள்ளே போய் நீங்கள் கேளுங்கள். நாம் வாயை மூடிக்கொண்டால் சினிமாக்காரன் பேசுவான். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.