குறுக்குவாட்டில் ஒரு விலைப்பட்டியல்

நேற்று மகளுடைய பள்ளிப் புராஜெக்டை வீட்டுப் பிரிண்டரில் எடுத்தேன். வலது ஓரம் வெட்டுப்பட்டு வந்தது. "குறுக்குவாட்டுல, லேண்ட்ஸ்கேப்ல போடலையாம்மா?" என்று சிரித்தாள். சூடான தாளின் வாசனையும் அந்தச் சிரிப்பும் சேர்ந்து என் காது மடலைச் சுட்டன. இத்தனை வருடம் கழித்தும் இப்படித்தான், என்ன செய்ய?

கல்லூரி முடித்த புதிது. பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஆபீஸ் வேலைக்கு நேர்காணல். சுடிதாரின் இஸ்திரி கலையக் கூடாதென்று பல்லடத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். கம்ப்யூட்டர் தெரியும் என்று சொல்லியிருந்தேன். தெரிந்ததெல்லாம் டைப் அடிப்பது மட்டும். நான் படித்த வகுப்பில் பிரிண்டர் என்பது உறை போட்டு மூடிய சாமான். யாரும் தொடக் கூடாது.

மேனேஜர் தன்மையான மனிதர். "இந்த விலைப்பட்டியல் குறுக்குவாட்டுல, ஒரே பக்கத்துல வரோணும். எடுத்துக் குடுங்க அம்மணி" என்றார். பக்கத்தைத் திருப்பும் இடத்தைத் திரையில் எங்கெங்கோ தேடினேன், அகப்படவில்லை. முதலில் ஏதாவது வரட்டும் என்று பிரிண்ட் கொடுத்தேன். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினேன். மறுபடியும். பயத்தில் எத்தனை தடவையோ.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "பேப்பரே இல்லீங்களே" என்று பிரிண்டரில் ஒரு கட்டுத் தாளை வைத்தார்.

அழுத்தியதெல்லாம் வர ஆரம்பித்தது. அத்தனையும் நெடுக்குவாட்டில், பொருளின் பெயர் ஒரு தாளிலும் விலை வேறொரு தாளிலுமாக. தட்டு நிறைந்து தாள்கள் தரையில் விழுந்தன. நேர்காணலுக்குக் காத்திருந்த மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் மண்டியிட்டுப் பொறுக்கினேன். பொறுக்கப் பொறுக்க வந்தது. துப்பட்டா வேறு நாற்காலிச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது.

அவர்களில் எனக்கு அடுத்த முறைக்கு உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வந்தாள். கோட்டைமேட்டுக்காரி, பெயர் ரஹமத். நின்றவாக்கிலேயே மவுசை நகர்த்தி, மிச்சமிருந்ததை ரத்து செய்தாள். பக்கத்தைத் திருப்பி, ஒரே தாளுக்குள் அடக்கினாள். அழகாக வந்தது. மேனேஜர் அவளைப் பார்த்த பார்வையிலேயே வேலை யாருக்கு என்று தெரிந்துவிட்டது.

பஸ் ஸ்டாப்பில் அவளிடம் போனேன். "ரொம்ப நன்றிங்க. நீங்க வரலீன்னா அங்கயே அழுதிருப்பேன்."

அவள் முகம் சுண்டிப்போனது. "நன்றியெல்லாம் சொல்லாதீங்க. உங்களுக்காக நான் எந்திரிக்கலீங்க. இந்த வேலை எனக்கு வேணும்னுதான் எந்திரிச்சேன்."

அவள் தரையையே பார்த்து நின்றாள். என் பஸ் வந்தது, ஏறவில்லை. கடைசியில் அவள்தான், "ஞாயித்துக்கெழம எங்கூட்டுக்கு வாங்க. அண்ணன் கடைல கம்ப்யூட்டர் இருக்குது, சொல்லித் தாரேன்" என்றாள்.

போனேன். பல ஞாயிறுகள் போனேன். மார்ஜின், தாளின் அளவு, இருபுறமும் அடிப்பது எல்லாம் அந்தக் கடையில் கற்றதுதான். ஈரோட்டில் எனக்கு வேலை கிடைத்ததும் அதனால்தான். அந்த நேர்காணலைப் பற்றி மட்டும் நாங்கள் பேசியதே இல்லை. பேச்சு அந்தப் பக்கம் போனால் இருவரும் திரையைப் பார்ப்போம்.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. அண்ணன் கடையும் இல்லை. ரஹமத் கல்யாணமாகிப் பாலக்காட்டுப் பக்கம் போனாள். அவளுடைய பழைய எண்ணில் வேறு யாரோ பேசுகிறார்கள். என் கூச்சத்தை நான் சிரித்தபடி சொல்லப் பழகிவிட்டேன். "விடு ரஹமத், நானா இருந்தாலும் எந்திரிச்சிருப்பேன்" என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தனை ஞாயிறுகள் இருந்தன.