விமானத்துக்குச் சந்தனம்

ஈப்போ விமான நிலையத்தில் ஒரு மூலைக் கொட்டகைக்குள் நிற்கும் பழைய விமானத்தின் பின்சீட்டு நான் தைத்தது. ஊருக்குள் சிலிபின் பகுதியில் எனக்குக் குஷன் கடை. கார் சீட்டு, லோரி சீட்டு, மண்டபத்து நாற்காலி எல்லாம் தைத்த கைதான். ஆனாலும் எங்கள் எதிர்வீட்டு அண்ணே, நெருப்புப் பிடிக்காத துணிச் சுருளோடு வந்து, "ப்ளேன் சீட்டு தைப்பியா தங்கச்சி?" என்று கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

"தைக்கிறேன். ஆனா முதல்ல நான்தான் அதுல உட்காந்து பறப்பேன். சரின்னா சொல்லுங்க."

"சரிலா," என்றார். நான் அதுவரை எந்த விமானத்திலும் ஏறியதில்லை.

அண்ணே விமான மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓட்டும் உரிமமும் உண்டு. அந்த விமானம் ஒரு காலத்தில் ராணுவத்துக்கு வேவு பார்த்தது. ஓட்டுகிறவர் முன்னால், பார்க்கிறவர் பின்னால், இரண்டே பேர். இறக்கை தலைக்கு மேலே இருக்கும். நேர் கீழே பார்க்க வசதியாகக் கண்ணாடிகள் வெளியே சாய்ந்திருக்கும். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளை ராணுவம் தேடிய காலத்தில், அந்த மாதிரி விமானத்தின் சத்தம் கேட்டால் தோட்டத்துச் சனம் பால் வாளியோடு ரப்பர் மரத்தடியில் ஒண்டிக்கொள்ளுமாம். மேலே இருக்கிறவன் நம்மை யாரென்று நினைப்பானோ என்ற பயம் என்று அப்பா சொல்வார். ராணுவம் கழித்துவிட்ட பிறகு இந்த விமானம், எஞ்சின் இல்லாத கிளைடர்களைக் கயிறு கட்டி வானத்துக்கு இழுத்துப் பிழைத்திருக்கிறது. அண்ணே வாங்கியதும் ராணுவப் பச்சையைச் சுரண்டி, வெள்ளையும் மஞ்சளும் அடித்தார். ஆள் ஏற்ற அனுமதியும் வந்தது.

என் வீட்டுக்காரர் லோரி டிரைவர். பூசை போடாமல் எந்தச் சக்கரமும் உருளக்கூடாது என்பது அவர் சட்டம். அன்று காலை பூசையை முடித்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் குனோங் ராபாட்டுக்குத் திரும்பி, எங்கள் வீட்டு வாசலில் தைப்பூசத்து மஞ்சள் வேட்டியை ஆட்டிக்கொண்டு நிற்பதாக ஏற்பாடு. மேலிருந்து நான் பார்க்க வேண்டும்.

அண்ணே எல்லாவற்றையும் சரிபார்த்து முடித்ததும் இவர் ஆரம்பித்தார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், காற்றாடிக்குக் குங்குமம், கண்ணில் பட்ட இடமெல்லாம் சந்தனம். பிறகு நான் ஏறிச் சீட்டுப் பட்டையை மாட்டிக்கொண்டேன். ஓடுபாதையில் விமானம் வேகமெடுத்தது. வால் தூக்கியது. அதோடு சரி; அண்ணே எஞ்சினைத் தணித்துத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஸ்பீட் முள்ளு எந்திரிக்கவே இல்ல," என்று இறங்கிப் போய், இறக்கைக்கு அடியில் முன்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்த விரல் தடிமன் குழாயை முகர்ந்து பார்த்தார். அதன் துளைக்குள் காற்று புகுந்தால்தான் வேகம் தெரியும்.

"மச்சான், இதுல என்ன வச்சீங்க?"

"சந்தனம்தான். மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருந்துச்சு. விழுந்துடக் கூடாதேன்னு நல்லா அழுத்தி வச்சேன்."

எனக்கு வந்ததே கோபம். "லோரிக்கு வைக்கிற மாதிரியா ப்ளேனுக்கும் வைப்பாங்க? நம்ம தாமான்ல அத்தனை வீட்டுக்கும் சொல்லி வச்சிருக்கேன். உங்க கை பட்டு எதுதான் வெளங்கிச்சு?"

கடைசி வார்த்தை வேண்டாத வார்த்தை. அவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் வாங்கி வைத்திருந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைக்கூடத் தொடவில்லை.

"கெசியான்லா தங்கச்சி, பாவம் மனுசன்," என்றார் அண்ணே. "உனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதானே வச்சாரு."

"அதுக்குன்னு அடைச்சா வைப்பாங்க?" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. கை போனைத் தேடியது.

அண்ணே குழாயைக் கழற்றிக் கழுவி, ஊதி, மாட்டி, மறுபடி சோதித்து முடிப்பதற்குள் மலைப்பக்கம் மேகம் கூடத் தொடங்கிவிட்டது. நான் போன் அடித்துக்கொண்டே இருந்தேன். அவர் எடுக்கவில்லை. சரியான வீம்பு பிடித்த மனுசன்.

இந்தத் தடவை முள் ஏறியது. தரை கழன்று போனதை நான் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடியிருந்தேன். திறந்தபோது சுண்ணாம்பு மலைகள் எனக்குச் சமமாக நின்றன. இவ்வளவு அழகான ஊரிலா இத்தனை வருசம் சந்தை விலை பேசிக்கொண்டு திரிந்தேன் என்று இருந்தது. ஆனால் மனசு அதில் நிற்கவில்லை. அந்த வாசலில் மஞ்சள் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

குனோங் ராபாட் வந்தது. எல்லாக் கூரையும் ஒரே மாதிரி. அண்ணே இறக்கையைச் சாய்த்தார். நான் தைத்த சீட்டிலிருந்து எழும்பி, நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டி வரிசை வரிசையாகத் தேடினேன். எங்கள் வீட்டு வாசல் காலியாக இருந்தது. அடுத்த கணம் சந்து முனையில் நிற்கும் எங்கள் லோரி தெரிந்தது. அதன் கூரை மேல் மஞ்சள் வேட்டி சுழன்று சுழன்று பறந்தது. அடியில் அவர். பக்கத்து வீட்டு மலாய் அக்கா மேசைவிரிப்பை ஆட்டினாள். சீன ஆன்ட்டி துடைப்பத்தைத் தூக்கிப் பிடித்திருந்தாள். வரிசை வீடு அத்தனையும் தெருவில் நின்றது.

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஒளிந்திருக்கிற ஆளைப் பிடிக்கச் செய்த கண்ணாடி அது. அப்பாவின் சனம் அதற்குப் பயந்து மரத்தடியில் ஒண்டியது. அப்பாவின் மருமகன், என் கண்ணில் பட்டுவிட வேண்டும் என்று லோரிக் கூரையில் ஏறி நிற்கிறார்.

"இன்னொரு சுத்து போலாமா தங்கச்சி?" என்று காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டில் அண்ணே கேட்டார்.

"போலாம்ணே. கொஞ்சம் கீழ போங்க. அந்த மனுசன் விழுந்து வைக்கப்போறாரு, பிடிச்சுக்கச் சொல்லணும்."