4417 ஏறாத கூரைகள்

அவரை எல்லாரும் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். தகட்டுக் கூரை மேல் அவர் நடந்தால் கீழே இருப்பவர்களுக்குச் சத்தமே கேட்காது. அதனால் கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. ஒரு கிடங்குக் கூரையிலிருந்து விழுந்த அன்று மட்டும் இந்தப் பூனை நாலு காலில் விழவில்லை, இடுப்பில் விழுந்தது. இடது தொடைக்குள் ஒரு கம்பி, நடையில் ஓர் இழுப்பு, இரண்டும் நிலைத்துவிட்டன. பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

அது நடந்து ஏழு வருஷம் ஆகிறது. இப்போது அவர் ஓர் இரும்புக் கடையில் உட்கார்ந்து ஸ்க்ரூவும் ஆணியும் நிறுத்துப் போடுகிறார். மேல் தட்டில் இருக்கும் டப்பாவை எடுக்க முக்காலியில் ஏற மாட்டார். வளைந்த கம்பி ஒன்றை வைத்துக்கொண்டு கீழிருந்தே இழுப்பார்.

"பூனைக்கே பரண் பயமா?" என்பார் முதலாளி. "எலியெல்லாம் மாநாடு போடப் போகுது, பாத்துக்கோங்க."

பூனையும் சிரிப்பார். கனவில்கூட அவர் தரையில்தான் இருப்பார் என்பது முதலாளிக்குத் தெரியாது.

இவ்வளவு பயந்த மனிதரிடம் ஒரு சான்றிதழ் இருந்தது. கூரைத் தகடு தயாரிக்கும் கம்பெனி, தன் தகட்டைச் சரியாக மாட்டத் தெரிந்தவர்களுக்குத் தேர்வு வைத்து ஆளுக்கு ஓர் எண் கொடுக்கும். அவருடையது 4417. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஒரு வகுப்பு, ஒரு எழுத்துத் தேர்வு, அவ்வளவுதான். ஏணியில் ஏறிக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை. கூரை வேலை அவருக்குத் தலைகீழ்ப் பாடம், ஆகவே விழுந்த பிறகும் முதல் மதிப்பெண்.

அந்த எண்ணைத் தேடிக் கடைக்கு ஒரு காண்ட்ராக்டர் வந்தார். எண் பெற்ற ஆள் ஒருவராவது பட்டியலில் இருந்தால்தான் கம்பெனி அவருடைய நிறுவனத்துக்குச் சான்றிதழ் கொடுக்கும், அவர் போடும் கூரைக்கு வாரண்டியும் கொடுக்கும்.

"உங்க நம்பர் மட்டும் போதும் அண்ணே. நீங்க வரவே வேணாம். மேல ஆளுங்க பாத்துப்பாங்க."

மாதாமாதம் பணம் வைத்த ஒரு கவர் வந்தது. மனைவியிடம் பழைய முதலாளி உதவுகிறார் என்று சொல்லி வைத்தார். எந்த ஊரில், யார் வீட்டில், எந்தக் கூரை என்று ஒருநாளும் கேட்டதில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமாம். இந்தப் பூனை ஆறு வருஷம் மூடியிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மகள் கூப்பிட்டாள். இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிறாள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். பதினாலு குழந்தைகள். மூத்ததுக்கு நாலு வயது.

"அப்பா, கூடத்துக்குப் புதுக் கூரை போட்டாச்சு. இன்னிக்கு மதியத்தோட வேலை முடியுது."

"கூரையா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே பாப்பா."

"சொன்னா நீங்க அங்க தூங்காம இருப்பீங்க. முடிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். பயப்படாதீங்க, நான் உங்க பொண்ணு. மூணு பேர விசாரிச்சேன். லைசென்ஸ் பாத்தேன், தேதி பாத்தேன். ஆளுங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கான்னு கேட்டு வாங்கிப் பாத்தேன். ஷீட்டு கம்பெனிக்கே போன் போட்டு, இவங்க சர்டிபிகேட் நிஜமான்னு கேட்டேன். நிஜம்தான்னாங்க."

பூனைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. லைசென்ஸ் என்பது தொழில் நடத்த அனுமதி, இன்சூரன்ஸ் என்பது ஆள் விழுந்தால் செலவை யார் ஏற்பது என்பதற்கு. தகடு மாட்டத் தெரியுமா என்ற கேள்விக்குக் கம்பெனி சான்றிதழ் ஒன்றுதான் பதில். இதையெல்லாம் அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவரே சொல்லியிருக்கிறார். வழக்கம்போல இன்னொன்றையும் கேட்டார்.

"அதுல கீழ ஆளோட நம்பர் ஒண்ணு இருக்குமே. என்ன போட்டிருக்கு?"

"இருங்க... நாலு, நாலு, ஒண்ணு, ஏழு."

தராசுத் தட்டில் அரைக் கிலோ ஸ்க்ரூ இருந்தது. எதிரே நின்ற வாடிக்கையாளர், "என்னங்க, அரைக் கிலோதானே கேட்டேன்?" என்றார். பூனை இன்னும் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த நம்பர்காரர்... அங்க வந்தாரா?"

"கேட்டேன்ப்பா. அவர் பெரிய கையாம், எல்லா எடத்துக்கும் வர மாட்டாராம். ஆனா அவர் சொல்படிதான் ஒவ்வொரு ஆணியும் இறங்கும்னு காண்ட்ராக்டர் சத்தியம் பண்ணார்."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தார். "சரிம்மா" என்றுதான் வந்தது. மகள் வைத்துவிட்டாள். கடை ரேடியோவில், மாலையில் பலத்த காற்று வீசும், கூரைப் பொருட்களைக் கட்டி வையுங்கள் என்று ஒரு குரல் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

பத்தே நிமிஷத்தில் கடையிலிருந்து ஒரு கை டிரில்லும் இரண்டு பாக்கெட் ஸ்க்ரூவும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். பஸ்ஸில் அவர் போட்ட கணக்கு இதுதான்: ஓரத்தில் முப்பது நாற்பது ஸ்க்ரூ கூடுதலாக இறக்கினால் காற்றுக்கு நிற்கும். ஒரு மணி நேர வேலை. அப்பா ஆசைக்கு வந்து பார்த்தார் என்று மகள் நினைத்துக்கொள்வாள். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். அதற்கு ஏணியில் ஏற வேண்டும் என்பதை மட்டும் அவர் மனம் சுற்றிச் சுற்றித் தாண்டிப் போனது.

தெரு முனையிலிருந்தே கூரை தெரிந்தது. நீலத் தகடு, புத்தம் புதுசு, கண்ணைப் பறித்தது. இன்னும் நாலு அடி வைத்ததும் அவர் நின்றுவிட்டார். தகட்டின் மேல் தகடு ஏறும் விளிம்பு காற்று வரும் பக்கம் பார்த்து வாயைத் திறந்துகொண்டு இருந்தது. அது மறுபக்கம் இருக்க வேண்டும். ஓரத்தில் தகட்டு அலையின் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு ஸ்க்ரூ வர வேண்டிய இடத்தில், மூன்று மேட்டுக்கு ஒன்று.

வாசலில் ஒரு ஆள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஓரத்துல ஸ்க்ரூ பத்தாதே."

"யார் சொன்னது?"

"கம்பெனி புஸ்தகத்துல இருக்கு."

"புஸ்தகம் கீழ நின்னு சொல்லும் பெரியவரே. மேல வெயில்ல நிக்கறவனுக்குத்தான் தெரியும்."

"ஷீட்டு மாட்ட யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"இதுல கத்துக்க என்ன இருக்கு? போன மாசம் வரைக்கும் பெயின்ட் அடிச்சிட்டிருந்தேன்." கயிற்றைத் தோளில் போட்டான். "அடுத்த சைட்டுக்கு வண்டி காத்திட்டிருக்கு. ஏணிய சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்."

அவன் போய்விட்டான். பூனை ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். மதியத் தூக்கம். பதினாலு பாய், பதினாலு குழந்தை. ஒன்று கட்டை விரலைச் சூப்பிக்கொண்டு சரியாகக் காற்றுப் பக்கத்து ஓரத்துக்குக் கீழே படுத்திருந்தது. மேலே தகடு ஒரு தடவை மெதுவாக, தொண்டையைச் செருமுவதுபோல், டப் என்றது.

ஏணியைப் பிடித்தார்.

முதல் படி. இரண்டாவது. மூன்றாவதில் உள்ளங்கை வழுக்கியது. நாலாவதில் கிடங்குக் கூரையின் விளிம்பு கண்ணுக்குள் வந்தது. ஐந்தாவது படியில் வலது காலை வைத்ததும் இடது கால் அவருடையதாக இல்லை. ஏணியைக் கட்டிக்கொண்டார். மேலே போகவும் முடியவில்லை, கீழே இறங்கவும் முடியவில்லை. தரை ஆறடி கீழேதான் இருந்தது. அவருக்கு அது கிணறு.

"அப்பா! எப்ப வந்தீங்க? ஐயோ, அங்க என்ன பண்றீங்க?" மகள் ஓடி வந்து ஏணிக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "முக்காலி ஏற மாட்டீங்க, ஏணி கேக்குதா உங்களுக்கு? இறங்குங்க. கூரையெல்லாம் சரியாத்தான் இருக்கு. சர்டிபிகேட் உள்ளவர் போட்டது."

"இல்லம்மா."

"என்ன இல்ல?"

முகத்தை இரும்புப் படியில் அழுத்திக்கொண்டே சொன்னார். அவள் முகத்தைப் பார்த்து அவரால் சொல்லியிருக்க முடியாது.

"அந்த நம்பர் என்னோடது. நாலு நாலு ஒண்ணு ஏழு நான்தான். வாடகைக்கு விட்டிருக்கேன். ஆறு வருஷமா."

அவள் கைகள் ஏணியை விட்டுவிட்டன. ஏணி ஒரு விரல் அகலம் இடப்பக்கம் சரிந்தது. அந்த ஒரு விரல் அகலத்தில் அவர் ஏழு வருஷத்துக்கு முந்திய விழுதலை முழுக்க இன்னொரு தடவை விழுந்தார். பிறகு கைகள் திரும்பி வந்தன. இந்த முறை இறுக்கமாக, கோபமாக.

"வலது கால எடுத்துக் கீழ வைங்க," என்றாள். டீச்சர் குரல். "இன்னும் கீழ. இப்ப இடது. பிடிச்சிருக்கேன்."

தரையைத் தொட்டதும் அவர் ஏதோ சொல்லப் போனார். அவள் நிற்கவில்லை.

"கூரை நிக்குமா, நிக்காதா? அத மட்டும் சொல்லுங்க."

"நிக்காது."

அவள் உள்ளே போய்க் குழந்தைகளை எழுப்பினாள். தூக்கத்தில் சிணுங்கியவர்களை இருவரும் ஆளுக்கு இரண்டாகத் தூக்கி, வீட்டின் முன்பக்கம், கான்கிரீட் கூரை இருக்கும் அறைக்குக் கொண்டு போனார்கள். கட்டை விரல் சூப்பிய குழந்தை பூனையின் சட்டைக் காலரை விடவே இல்லை. பெற்றோருக்கெல்லாம் போன் போயிற்று. "சீக்கிரம் வந்து கூட்டிட்டுப் போயிடுங்க. காரணம் அப்புறம் சொல்றேன்."

நாலு மணிக்குக் காற்று வந்தது. கடைசிக் குழந்தை போய்க் கால் மணி நேரம் ஆகியிருந்தது. முதலில் விசில் போல ஒரு சத்தம். பிறகு காற்று அந்தத் திறந்த விளிம்புக்குள் கையை விட்டு, ஒரு தகட்டை உரித்துத் தோட்டத்துக்கு எறிந்தது. அடுத்ததையும். மூன்றாவது தகடு பாதி பிய்ந்து உள்பக்கம் மடிந்து, சுருட்டாமல் விட்ட பாய்களுக்கு மேல் அரிவாள் மாதிரி தொங்கி ஆடியது. அப்பாவும் மகளும் வீட்டின் பின்கதவு இடுக்கு வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவர் அழுவார் என்றோ, மன்னிப்புக் கேட்பார் என்றோ அவள் எதிர்பார்த்திருக்கலாம். அவர் பாய்களை எண்ணிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

"நான் எல்லாம் கேட்டேன்," என்றாள் அவள் மெதுவாக. "நம்பர்காரர் வரலன்னா வேலைய ஆரம்பிக்காதீங்கன்னு மட்டும் சொல்லல." அவர் பக்கம் திரும்பினாள். "அப்பா, இந்த நம்பர்ல இன்னும் எத்தனை கூரை?"

அவருக்குத் தெரியாது. அந்தக் கேள்விதான் ஏணியைவிட உயரமாக இருந்தது.

அவள் கம்பெனி எண்ணைப் போட்டு போனை அவர் கையில் கொடுத்தாள். அவர் தன் பெயரைச் சொன்னார், எண்ணைச் சொன்னார், அதை இன்றே ரத்துச் செய்யச் சொன்னார். என்ன காரணம் என்று எதிர்முனைப் பெண் கேட்டாள்.

"அந்த ஆள் ஏழு வருஷமா கூரை ஏறலம்மா," என்றார். "அவர் பேர்ல வாரண்டி பதிவான வீடெல்லாம் சொல்லுங்க. போன் நம்பரோட."

நாற்பத்தொரு வீடுகள். மகள் குழந்தைகளின் வரைதாளைத் திருப்பி வைத்துக்கொண்டு வரிசையாக எழுதினாள். அதில் பாதிக்கு மேல் இதே காற்று வீசும் ஊர்கள். காப்பக எண்ணை மட்டும் அவள் எழுதாமல் தாண்டினாள்.

வெளியே இன்னொரு தகடு பிய்ந்து எங்கோ மோதியது. பூனை முதல் எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. ஒரு ஆண் குரல், தூக்கக் கலக்கத்தில், யாருங்க என்றது.

"உங்க கூரையப் பத்திப் பேசறேங்க," என்றார். "முதல்ல ஒண்ணு சொல்லுங்க. இப்ப அதுக்குக் கீழ யாராவது படுத்திருக்காங்களா?"

"நான்தான். ஏன்?"

"எழுந்திரிங்க."