நூறு வயதுக்கு ஒரு கூட்டம்

வாசுகிக்கு வயது ஐம்பத்து நான்கு. அதில் இருபது வருடம் இரவு வேலை. மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறாள். கிளினிக் டாக்டர் அவளுடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, இனி இரவு வேலை வேண்டாம் என்றார். அவர் தந்த சீட்டையும் சேர்த்து, பகல் வேலைக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். பதில் இல்லை.

ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வேலை முடிந்ததும், இரவு ஆட்கள் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது, கேன்டீனில் கூட்டம் என்றார்கள். அவள் வீடு இருக்கும் சிடாம் கிரி பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். சுவரில் 'நூறு வயது வாழலாம்' என்று துணி கட்டியிருந்தது. பினாங்கிலிருந்து வந்திருந்த ஜானிஸ் என்ற இளம்பெண் பேசினாள். நல்ல பெண்தான், சிரித்த முகம். இரவு பத்து மணிக்குப் படுத்துவிட வேண்டும், எட்டு மணி நேரம் தூங்கினால் பாதி நோய் அண்டாது என்றாள்.

"பத்து மணிக்கு நாம என்னா பண்றோம்?" பக்கத்தில் இருந்த மருதம்மாள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"பெட்டி கட்றோம்."

"அப்ப நமக்கு நூறு இல்லலா. பஸ்ஸு வந்தா எழுப்பு."

வாசுகி எழுந்து கையைத் தூக்கினாள். "மிஸ், நைட் ஷிப்டு ஆளுங்க எப்பத் தூங்கறது?"

ஜானிஸ் யோசித்தாள். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போடலாம் என்றாள். வீட்டில் பக்கவாதத்தில் கிடக்கும் தன் கணவனைப் பகல் முழுக்கத் திருப்பிப் படுக்க வைப்பவளுக்குத் திரை எதற்கு? வாசுகி அதைக் கேட்கவில்லை. நிற்கவே அலுப்பாக இருந்தது.

கடைசியில் ஆளுக்கொரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். தூக்கத்தை அளக்குமாம்.

வெளியே சூப்பர்வைசர் யோகேந்திரனைப் பிடித்தாள். "தம்பி, என் லெட்டரு என்னாச்சு?"

"ஆபீஸ்ல இருக்குக்கா. மூணு மாசம் வாட்ச் கட்டுங்க. உடம்ப நல்லா பாத்துக்கறவங்களத்தான் மொதல்ல மாத்துவாங்களாம்."

கட்டினாள். குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை. இரவில் தூங்கினால்தான் அந்தக் கடிகாரத்துக்குத் தூக்கம். பகலில் கிடைத்த மூன்று நான்கு மணி நேரத்தை அது கணக்கிலேயே சேர்க்கவில்லை. மூன்று மாதம் கழித்து நூற்றுக்குப் பன்னிரண்டு மதிப்பெண் வந்தது.

யோகேந்திரன் தலையைச் சொறிந்தான். "நீங்க தூங்கவே மாட்டேங்கறீங்களாமேக்கா. உடம்பு மேல அக்கறை இல்லேன்னு எழுதிட்டாங்க."

"ராத்திரி இங்கதானே இருந்தேன். நீயும்தானே பாத்த?"

"நான் பாத்தேன்க்கா. வாட்சுக்குத் தெரியலயே."

அவளுடைய மனுவை இனி அடுத்த வருடம்தான் பார்ப்பார்கள். திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்கு வாசுகிக்கு வேலை.