பாண்டிச்செல்வி தைத்த நீலக் கோட்டு

உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் மாறுவேடப் போட்டி வைக்கிறார்கள். யாருக்குப் பாரதமாதா, யாருக்குப் போலீஸ், யாருக்கு அம்பேத்கர் என்று முடிவு செய்வது யார்? வாத்தியாரா, பிள்ளையா, இல்லை அந்தப் பிள்ளை பிறந்த தெருவா? அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். பாண்டிச்செல்விக்கு அந்தப் பதிலைச் சொன்னது ஒரு விளக்குமாறு.

அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ‘நமக்கு உதவுவோர்’ என்று ஒரு போட்டி நடந்தது. டாக்டருக்கு வெள்ளைச் சட்டை, தபால்காரருக்குப் பை என்று டீச்சர் ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டே வந்தார். காலனிப் பிள்ளையான இவள் முறை வந்ததும் வகுப்பு மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்துக் கையில் திணித்தார். “ஒனக்கு மேக்கப்பே வேணாம்டி” என்று பக்கத்தில் நின்றவள் சொல்ல, டீச்சரும் சேர்ந்து சிரித்தார். பரிசு வேறு கொடுத்தார்கள், ஒரு சோப்பு டப்பா. சிரித்ததைக்கூட மறந்துவிடலாம். அந்தப் பரிசை அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

மதுரை காளவாசலில் பஸ் ஏறினால் மேற்கே முக்கால் மணி நேரத்தில் வருகிறது அவள் ஊர். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி, இடையில் பள்ளிக்கூடம். வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவளுக்குக் காளவாசல் தையல் கடையில் பள்ளிச் சீருடை தைக்கிற வேலைதான் கிடைத்தது. கடை விட்டு வந்ததும் அதே பள்ளிக்கூடத்தில் மாலை வகுப்பு எடுத்தாள். சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. காலனிப் பிள்ளைகள் அக்கா என்பார்கள். ஊர்ப் பிள்ளைகள் டீச்சர் என்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அவளை டீச்சர் என்று அழைத்த இடம் அந்த ஒரு வகுப்பறைதான். அதற்காகவே அவள் ஒரு நாளும் வகுப்பை நிறுத்தியதில்லை.

ஆண்டு விழா வந்தால் வெட்டுத் துணியைச் சேர்த்து அம்பேத்கர் வேடத்துக்கு ஒரு சின்ன நீலக் கோட்டுத் தைப்பாள். காலனியில் ஒரு பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு மேடையேறும். விளக்குமாற்றுக்குத் தான் சொல்லும் பதில் அது என்று நினைத்திருந்தாள். அந்த நினைப்பை உடைத்தவன் ஐந்தாம் வகுப்பு இம்மானுவேல்.

“அக்கா, மூணு வருசமா நாந்தான் அம்பேத்கரு. இந்தத் தடவ நான் ராக்கெட்ல போறேன். மாமா பைக் ஹெல்மெட் இருக்கு.”

“அப்ப கோட்டை யாருடா போடுறது?”

“வேற யாராச்சும் போடட்டும். எங்க தெருவுல மட்டுந்தான் அவரு பொறக்கணுமா?”

விளையாட்டாகச் சொன்னான். அவளுக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு டீச்சர் தெருவைப் பார்த்து விளக்குமாற்றைக் கொடுத்தார். தானும் தெருவைப் பார்த்துத்தானே கோட்டைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்?

அந்த வாரம் பிள்ளைகளுக்கு அம்பேத்கரின் சின்ன வயதைச் சொன்னாள். பள்ளியில் தனிச் சாக்கில் உட்கார வைத்தது, பியூன் வந்து உயரத்திலிருந்து ஊற்றினால்தான் தண்ணீர், பியூன் வராத நாளில் தாகம். அப்புறம் மாட்டு வண்டிக் கதை. வெளியூரில் வேலை பார்க்கும் அப்பாவைப் பார்க்க நல்ல சட்டை போட்டுக்கொண்டு ரயிலில் போன பிள்ளைகள், சாதியைச் சொன்னதும் எந்த வண்டியும் கிடைக்காமல் நின்றது. இரட்டைக் கூலி கொடுத்த பிறகும், பிள்ளைகளே மாட்டை ஓட்டட்டும், நான் நடந்தே வருகிறேன் என்று வண்டிக்காரர் சொன்னது.

நாலாம் வகுப்பு திவ்யா கையைத் தூக்கினாள். ஊரில் வசதியான வீட்டுப் பிள்ளை. “டீச்சர், நடந்து வந்தவருக்குக் கால் வலிக்கலையா?”

வகுப்பே சிரித்தது.

“வலிச்சிருக்கும்.”

“பெறகு ஏன் வண்டியில ஏறல? அவரு வண்டிதான?”

சொந்த வண்டி பக்கத்தில் உருள, ஒரு குழந்தையின் அருகில் உட்காருவதைவிடக் கால் நோக நடப்பதே மேல் என்று நினைக்கிற புத்தியை எந்தத் தர்க்கத்தால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விளக்க முடியும்? அதைச் சாஸ்திரம் என்றார்கள், சம்பிரதாயம் என்றார்கள். பைத்தியம் என்று மட்டும் சொல்லவில்லை.

வகுப்பு முடிந்து திவ்யா அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். “டீச்சர், நான் அம்பேத்கரா வாரேன். என்னாட்டம் இருக்கையிலயே அவுகளே மாட்டு வண்டி ஓட்டுனாகல்ல?”

பாண்டிச்செல்வி டேப்பை எடுத்து அவளுக்கு அளவெடுத்தாள். வீட்டில் கேட்டுக்கொண்டு வா என்று சொல்லியிருக்கலாம். கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். அதனாலேயே சொல்லவில்லை.

விழாப் பந்தல் செலவு திவ்யாவின் அப்பா சிவக்குமாருடையது. அரசாங்க உத்தியோகஸ்தர், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் உத்தியோகமும் பிற்படுத்தப்பட்டோருக்கான இட ஒதுக்கீட்டில் வந்ததுதான். அது யார் போராடிய போராட்டத்தின் பலன் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, அவரும் கேட்டதில்லை. மகள் நீலக் கோட்டும் கண்ணாடியில்லாத மூக்குக்கண்ணாடிச் சட்டமுமாக மேடைக்கு வந்தபோது அவருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. எல்லோரையும்போல அவரும் கைதட்டினார்.

“நான் தண்ணி கேட்டேன், ஊத்தலை. வண்டி கேட்டேன், ஏத்தலை,” என்று திவ்யா கணீரென்று சொன்னாள். “ஏங்க வண்டிக்காரரே, ஒங்களுக்குக் கால் வலிக்கலையா?”

காலனிப் பக்கம் விசில் பறந்தது. ஊர்ப் பக்கம் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “என்னண்ணே சிவக்குமாரு, மகளக் காலனிக்குக் கட்டிக் குடுக்கப் போறீகளா? வேசம் இப்பவே பொருந்தி வருதே!”

சிரிப்பு எழுந்தது. சிவக்குமார் மேடையில் ஏறினார். மகளை அறைந்தார், கோட்டைப் பிடித்து இழுத்தார். தையல் கெட்டி. இரண்டாவது இழுப்பில்தான் கிழிந்தது. அத்தனை பேர் முன்னால் அந்தப் பிள்ளை சிம்மீசோடு நின்று அழுதது. மைக் அணைக்கப்படாததால் அழுகை ஊர் முழுக்கக் கேட்டது. ராக்கெட்டில் போகத் தயாராக நின்ற இம்மானுவேல் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு இறங்கிப் போனான்.

மறுநாள் தலைமையாசிரியர் அசோக்குமார் தன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே சிவக்குமாரும் இருந்தார்.

“ஏம்மா, அவரு சட்டம் எழுதுனாரு. பாடத்துல அம்புட்டுத்தான் இருக்கு. அத்தோட நிறுத்த வேண்டியதுதான? தண்ணி கிண்ணியெல்லாம் எதுக்கு?”

“தண்ணி குடுக்காததாலதான சார் சட்டம் எழுத வேண்டியிருந்துச்சு.”

“இந்த வாய்தான் வேணாங்கிறது,” என்றார் சிவக்குமார். “ஒங்க தலைவர ஒங்க புள்ளைகளுக்குச் சொல்லிக்க. எங்க வீட்டுப் புள்ளைக்கு எதுக்குச் சொல்ற?”

அசோக்குமார் குரலைத் தாழ்த்தினார். “சொல்லிக் குடுத்தது தப்புன்னு சார்கிட்ட ஒரு வார்த்த சொல்லிரும்மா. வகுப்பு நடக்கட்டும். ஊர்ப் புள்ளைகளும் வரட்டும். இல்லேன்னா வகுப்பறைச் சாவியக் குடுத்துரு, என்னால தாங்க முடியாது.”

அவள் யோசிக்காமல் இல்லை. ஒரே பாயில் உட்காரும் பிள்ளைகள் மனதில் வந்தார்கள். ஒரு பொய் சொன்னால் அந்தப் பாய் மிஞ்சும். மிஞ்சிய பாயில் உட்கார வைத்து என்ன சொல்லித் தருவது? வாய்ப்பாடா?

“நான் சொன்னதுல எது சார் பொய்?”

“பொய்னு யாரும்மா சொன்னா? எல்லாம் உண்மைதான். அதுதான பிரச்சின.”

சாவியை மேசைமேல் வைத்தாள். அழுதுகொண்டேதான் பஸ் ஏறி வேலைக்குப் போனாள்.

வீட்டில் அம்மா சோணையம்மாள் திட்டித் தீர்த்தாள். “ஒத்த வார்த்த சொன்னா வாய் வெந்தா போயிரும்? அம்புட்டுப் புள்ளைகளும் ஒண்ணா இருந்துச்சுகளேடி.” தான் செய்தது சரிதானா என்று இன்றைக்கும் சில நாள் கேட்டுக்கொள்கிறாள்.

இப்போது வகுப்பு காலனித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நடக்கிறது. ஊரிலிருந்து ஒரு பிள்ளைகூட வருவதில்லை. திவ்யாவை மதுரைக்குள் ஒரு தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் பாண்டிச்செல்வி அவளைப் பார்த்தாள். கையசைக்கலாமா என்று நினைப்பதற்குள் அந்தப் பிள்ளை அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. அறை வாங்கிய பிள்ளைக்கு அறையின் காரணம் புரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் சொல்லித் தராத பாடத்தை வீடு ஒரே நாளில் சொல்லித் தந்துவிட்டது.

மனிதர் எல்லோருக்கும் உரிமை கேட்டவரை மறுபடியும் காலனிக்குள் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே இருக்கிற பிள்ளைகளுக்கு அவர் கதை தெரியும். அதில் பாதியை அவர்கள் தங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறார்கள். கதை தெரிய வேண்டியது கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கிற பிள்ளைகளுக்கு.

உங்கள் ஊரிலும் காலனி இருக்கிறது. அங்கேயும் யாரோ ஒருத்தி வேலை முடிந்து வந்து பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்துகொண்டிருப்பாள். இந்த வாரம் ஒரு சாயங்காலம் உங்கள் பிள்ளையின் கையைப் பிடித்து அங்கே கூட்டிப் போங்கள். பாயில் உட்கார வையுங்கள். நீங்களும் உட்காருங்கள்.