டாக்டர் கொலைகாரர் அல்ல

மார்ச் 9, ஞாயிறு. வழக்கம்போல் ஆறு மணிக்குத் தாமிரபரணியில் குளியல், எட்டுக்கு இட்லி. பத்துக்கு, புதிதாக வாங்கிய பழைய துப்பறியும் படத்தின் டிவிடியைப் போட்டேன்.

பதினோரு வருடமாக என்னிடமிருந்த அதே படத்தின் மங்கலான விசிடியில், கொலைக்காக டாக்டர் கைதாவதோடு படம் முடிந்துவிடும். சிறுவயதில் தியேட்டரில் பார்த்த என் மனைவியோ, கொலைகாரன் வக்கீல்தான் என்பாள். 'உனக்கு மறதி' என்று கேலி செய்தே அவள் வாயை அடைத்திருந்தேன்.

புதிய டிவிடியில் டாக்டர் கைதான பிறகும் படம் பதினெட்டு நிமிடம் ஓடியது. பளிச்சென்று தெரிந்தது, வக்கீல் கையில் விலங்கு!

"எனக்கு மறதின்னு சொல்லி, பாவம் அந்த டாக்டரப் பதினோரு வருசம் உள்ள வச்சிருந்தியளே!" என்று மனைவி சிரித்தாள்.

இப்போதெல்லாம் படத்தின் முழு நீளத்தை விசாரித்த பிறகே வாங்குகிறேன். டிவிடி பார்த்த மறுநாள் காலை முதல் வேலையாக, பழைய டைரியில் 'அவளுக்கு மறதி' என்றிருந்த வரியை அடித்து, பக்கத்தில் அவளிடமே கையெழுத்து வாங்கினேன்.